பதினேழாவது தாள்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு என் கணவர் கைநாட்டுத் தாள்களை எண்ணினார். நாற்பத்திரண்டு வந்தது. மறுபடியும் எண்ணினார். அப்போதும் நாற்பத்திரண்டுதான். இருக்க வேண்டியது நாற்பத்து மூன்று. சாயங்காலம் நான்கு மணிக்குக் கண்காட்சி.

"யாரு கை இல்லன்னு பாருங்க" என்றேன்.

முந்தின நாள் அச்சகத்திலிருந்து தைத்து வந்த புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டார். பதினேழாம் பக்கம் வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.  பதினேழு யாருடையது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. கொளஞ்சியம்மாள், என் அம்மாவின் தங்கை.

என் கணவர் இருசப்பன் கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே போகும். மற்ற நேரத்தில் அவர் காட்சிக் கவிஞர். அதாவது அவர் செய்வது படிக்கிற கவிதை இல்லை, பார்க்கிற கவிதை. கல்வராயன் மலைச் சாலையின் வளைவுகளை ஒவ்வொன்றாக வரைந்து, இது ஒரு எழுத்து, அது ஒரு எழுத்து என்று முதல் புத்தகம் போட்டார். வாங்கியவர்களில் பாதிப் பேர் மலைக்கு வழி காட்டும் புத்தகம் என்று நினைத்து வாங்கினார்கள். அடுத்து, பேருந்துப் பலகைகளில் உதிர்ந்துபோன எழுத்துகளை மட்டும் படம் பிடித்துப் புதுச்சேரியிலும் சேலத்திலும் கண்காட்சி வைத்தார். ஒரு சிற்றிதழ் எட்டுப் பக்கம் கொடுத்தது. அந்த வாரம் முழுவதும் அவர் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவதுதான் இது. பெயர் 'மேலே எழுதாதது'. எழுதத் தெரியாதவர்களின் இடது கட்டை விரல் ரேகை, ஆளுக்கு ஒரு தாள். ரேகை தாளின் அடியில், வலது ஓரத்தில். மேலே முழுவதும் காலி. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே நம் சனங்கள் காலம் காலமாகக் கைநாட்டு வைத்து ஏமாந்திருக்கிறார்கள், அந்தக் காலியிடத்தைப் பார்க்கிறவன் கூசிப்போக வேண்டும் என்றார். எனக்கு அது பிடித்தது. அவர் செய்ததில் எனக்குப் புரிந்த முதல் கவிதை அது.

மை ஊறாத தாளாகத் தேடினார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில், பத்திரம் எழுதுகிற பச்சைத் தாளை வாங்கி வந்தார். அச்சக மை அதில் அழகாக உட்கார்ந்தது.

பத்திரத் தாள், அடியில் கைநாட்டு, மேலே காலி. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்த இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எட்டு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கும் இது உறைக்கவில்லை, ஊர் ஊராகக் கூடப் போன எனக்கும் உறைக்கவில்லை. ரேகை தெளிவாக விழுகிறதா என்றுதான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் என் அம்மா ஊர். அங்கே சின்னம்மாவுக்கு முப்பது சென்ட் நிலம் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த பட்டா. நான்கு பக்கமும் நாராயணசாமி என்பவரின் கரும்பு. உன் புருஷன் சாகும் முன்பே அதை எங்களுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டான் என்று அவர் பதினோரு வருடமாக வழக்கு நடத்துகிறார். அவர்களிடம் இல்லாதது சின்னம்மா ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்த ஒரு காகிதம் மட்டும்தான். திங்கட்கிழமை வாய்தா. வழக்கு முடியும் வரைக்கும் யாருக்கும் எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். சின்னம்மாவும் வைக்கவில்லை. ரேஷன் கடை மிஷினில் வைப்பதோடு சரி. தேய்ந்துபோன அவர் விரலை அதுவும் நாலாவது தடவைதான் ஒப்புக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் எனக்கு விரலை நீட்டினார்.

"ஒண்ணும் ஆவாதுல்ல, சால?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது சின்னம்மா. படந்தான்."

நான்தான் அவர் விரலைப் பிடித்து மையில் உருட்டினேன். கரும்பு வெட்டும்போது அரிவாள் இறங்கிய தழும்பு அந்தக் கட்டை விரலில் குறுக்கே ஓடுகிறது. ரேகைக்கு நடுவில் மை படாமல் ஒரு கோடு விழுந்தது. எல்லாவற்றிலும் இதுதான் நல்ல தாள் என்று இருசப்பன் குதித்தார்.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வியாழக்கெழம மண்டபத்துக்கு எடுத்துக்கினு போனேன். பேனருக்கு மாதிரி ஒண்ணு வேணும்னாரு சின்னதுரை சாரு. அவரே திருப்பித் திருப்பிப் பாத்து ஒண்ண எடுத்துக்கினாரு."

தாள்களின் பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதியிருந்தது. சின்னதுரை கண்காட்சி நடக்கப்போகும் மண்டபத்தின் சொந்தக்காரர். நாராயணசாமியின் மருமகன். இது இருசப்பனுக்குத் தெரியாததில்லை. பெரிய வீட்டு ஆள் ஒருவர் தன் கவிதையைக் கையில் வாங்கி நல்லாயிருக்கு என்று சொன்னதும் மனிதருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

"பேனர் வந்துச்சா?"

"வரல" என்றார்.

சின்னதுரை போனை எடுக்கவில்லை. சனிக்கிழமையானால் வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று மண்டபத்து வாட்ச்மேன் சொன்னார். பைக்கில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் இது இன்ன எழுத்து என்று சொல்வது அவர் வழக்கம். அன்று வாயே திறக்கவில்லை.  நான் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தோட்டத்து வீட்டு வாசலில் சின்னதுரை நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க கவிஞரே. சாயங்காலம் விழாவ வெச்சிக்கினு மலையில இன்னா பண்றீங்க?"

"அந்தத் தாளு வேணும் சார். வரிசையில ஒண்ணு கொறையுது."

"அதுக்கா இவ்ளோ தூரம். இருங்க, எடுத்தாரேன்."

உள்ளே போனவர் வரவில்லை. டீ வந்தது. எதிரில் சுவர்க்கடிகாரம். பத்து நிமிடம், இருபது நிமிடம். உள்ளே போனில் பேசுவது கேட்டது, என்ன என்று பிடிபடவில்லை. "சரிங்க மாமா" என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. டீ ஆறி ஏடு கட்டிப்போனது. நாற்பத்தைந்தாவது நிமிடம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார்.

"பத்தரமா வெச்சிருக்கேன் பாருங்க."

நான் பிடுங்காத குறையாக வாங்கினேன். பச்சைத் தாள். அடியில் ரேகை. மேலே ஒரு எழுத்து இல்லை. திருப்பினேன். பென்சிலில் கொளஞ்சியம்மாள் என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருசப்பன் தாளை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கவரில் போட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். சாயங்காலம் உங்க மாமாவையும் கூட்டிக்கினு வந்துடுங்க. முன்வரிசையில சேர் போட்டிருக்கேன்."

இந்த மனிதனுக்கு இன்னும் புத்தி வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். இரண்டு வளைவு இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார்.

"இது அந்தம்மா கை இல்ல."

"பேரு இருக்குதே."

"பேர யாரு வேணா எழுதலாம். தழும்பு எங்க?"

பார்த்தேன். ரேகை முழுதாக இருந்தது. குறுக்கே அந்தக் கோடு இல்லை. இருசப்பன் விரலை நாக்கில் தொட்டு ரேகையின் ஓரத்தைத் தேய்த்தார். மை இழுத்துக்கொண்டு வந்தது. அச்சக மை எச்சிலுக்கு அசையாது. இது ஸ்டாம்பு பேடு மை. தோட்டத்தில் வேலை செய்கிற யாரையோ உள்ளே கூப்பிட்டு வேறொரு பச்சைத் தாளில் கை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

"அங்கியே கேக்கறதுக்கு இன்னா? வாயில கொழக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"கேட்டா இப்பவே எழுதிடுவாங்க, சால. நமக்குத் தெரியாதுன்னு நெனச்சாங்கன்னா திங்கக்கெழம வரைக்குமாவது எழுதாம வெச்சிருப்பாங்க."

அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அடித்தேன். முதுகில் ரெண்டு கையாலும். லாரி ஓட்டுநர் ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். எட்டு மாதம் ஊரெல்லாம் அலைந்து ஏமாந்தவர்களைப் பற்றிக் கவிதை செய்து, கடைசியில் அதே வேலையை நாங்களே சுத்தமாகச் செய்து கொடுத்திருக்கிறோம். என் முகத்துக்காகத்தான் அத்தனை பேரும் விரலை நீட்டினார்கள்.

அடி வாங்கிக்கொண்டே அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். காலையில் ஒப்பிட்டுப் பார்த்த அதே பிரதி. கண்காட்சிப் புத்தகம். நாற்பத்து மூன்று தாள்களும் அசல் அளவில், அசல் நிறத்தில். விழாவில் திடீரென்று கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். பதினேழாம் பக்கத்தில் சின்னம்மாவின் கை, தழும்போடு, லேசாகச் சாய்ந்து, ஓரத்தில் நான் விரலைத் தூக்கியபோது இழுபட்ட சின்னக் கறையோடு இருந்தது. மேலே காலி.

"இது பொதங்கெழம அச்சானது" என்றார். "தாளு போனது வியாழக்கெழம."

அந்த வளைவில் டவர் கிடைக்கும். வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். திட்டித் தீர்த்தார். அப்புறம் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஒரே வெரல் ஒரே எடத்துல ஒரே கறையோட ரெண்டு தடவ விழாது. அவங்க அந்தத் தாளுல எழுதிக் கொண்டாந்தாங்கன்னா இந்தப் புக்கே போதும், மாட்டிக்குவாங்க. ஆனா இப்பிடி ஒரு புக்கு இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சா எழுதவே மாட்டாங்க. எழுதிட்டாங்கன்னா அப்புறம் நாம இன்னும் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கணும்."

மணி பன்னிரண்டரை. கீழே இறங்கினோம்.

மூன்றரைக்கு ஊரிலிருந்து மினி லாரியில் வந்து இறங்கினார்கள். தங்கள் கையைச் சுவரில் பார்க்கப்போகிறோம் என்று எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். சின்னம்மாவைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  

"பச்சத் தாளுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "நீ இருக்கியேன்னு வெச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்டபத்தில் நீளமாகக் கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பில் நாற்பத்திரண்டு தாள்களும் தொங்கின. நடுவில் ஒரு இடத்தில் கிளிப் மட்டும் இருந்தது. சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் டிசம்பரில் அங்கே பெரிய கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர்கள் தாள்களின் முன்னால் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நாராயணசாமி வெள்ளைச் சட்டையோடு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னதுரை. நான் எல்லார் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தேன். அவர்களுக்கும் கொடுத்தேன்.  

இருசப்பன் மைக்கைப் பிடித்தார். மேடையில் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"எல்லாரும் பதினேழாம் பக்கத்தத் தெறந்துக்குங்க" என்றார். தாள் புரளும் சத்தம் கேட்டது. "இது நைனார்பாளையம் பக்கம் கொளஞ்சியம்மா கை. பொதங்கெழம இந்தப் புக்கு அச்சாச்சு. நூறு பிரதி. அன்னிக்கு இந்தத் தாளு காலியா இருந்துது. வியாழக்கெழம இது என் கையவுட்டுப் போச்சு. இன்னிக்கி அதுக்குப் பதிலா வேற கை..."

மைக் அணைந்தது. சின்னதுரை ஆம்ப்ளிஃபயர் பக்கம் நின்றிருந்த ஆளிடமிருந்து கண்ணை எடுத்தார்.  இருசப்பன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். அவருக்குக் கத்திப் பேச வராது. அன்று வந்தது.

"வேற கைய வெச்சித் திரும்பி வந்துது. அசல் தாளு எங்க இருக்குதுன்னு நான் சொல்லல. அதுல நாளைக்கி யாராவது ஒரு வரி எழுதினாங்கன்னா, இந்த நூறு புக்குல எந்தப் புக்க வேணா பக்கத்துல வெச்சிப் பாக்கலாம். எப்ப எழுதினதுன்னு கொழந்தைக்கும் தெரியும். இந்தத் தாள வாங்கினது நான், கை வாங்கினது நான். கோர்ட்டுல வந்து இதையே சொல்லுவேன்."

நாராயணசாமி பதினேழாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். 

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூலி வேலைக்குப் போகிற அம்மாசி, இருபத்தைந்தாவது தாள். "அப்ப எங்க தாளுக்கு இன்னா பதிலு?"

 நாற்பத்திரண்டு பச்சைத் தாள்கள் மேலே மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"பத்தரத்துல எடம் காலியா இருந்தா குறுக்குல கோடு அடிப்பாங்க. ரிஜிஸ்டர் ஆபீசுல பாத்திருக்கேன்" என்றார் அம்மாசி. "அடிச்சிக் குடுத்துடு தம்பி."

அந்தக் காலியிடம்தான் கவிதை. சென்னைக்காரர்கள் வந்தது அதைப் பார்க்கத்தான். இருசப்பன் கயிற்றை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அம்மாசியிடம் கொடுத்தார். இருபத்தைந்தாவது தாளை அவரே கழற்றி மேசையில் வைத்து, நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மாசி மேல் மூலையிலிருந்து ரேகை வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். கோடு வளைந்து வளைந்து போனது. பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை. அடுத்து குஞ்சம்மாள் வந்தாள், அவளுக்குப் பின்னால் ஆயம்மாள். வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொரு தாளையும் அவரே பிடித்துக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை.

சின்னம்மாவுக்குத் தாள் இல்லை. அவர் இன்னொரு பேனாவை வாங்கிக்கொண்டு புத்தகக் கட்டு இருந்த மூலைக்குப் போனார். தரையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தை எடுத்தார். தன் கையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பக்கம் புரட்டினார். தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கோடு போட்டார். மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "சின்னம்மா, இது அச்சு. இதுல யாரும் ஒண்ணும் எழுத முடியாது. ஒண்ணும் ஆவாது."

"அன்னிக்கும் நீ இதத்தான் சொன்ன" என்றார், தலை நிமிராமல்.

நான் எழுந்துவிட்டேன். ஒவ்வொரு புத்தகமாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கொடுத்தவற்றை வாங்க ஆரம்பித்தார். ஆள் ஆளாகப் போய்க் கையை நீட்டினார், கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சென்னைக்காரர்கள் பேசாமல் கொடுத்தார்கள். கடைசியில் முன்வரிசைக்கு வந்து நாராயணசாமியின் எதிரில் நின்றார். பதினோரு வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை.

"குடுங்க" என்றார்.

நாராயணசாமி மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். சென்னைக்காரர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.  நாராயணசாமி புத்தகத்தை நீட்டினார். சின்னம்மா அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, நிதானமாகக் கோடு போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் அவர்கள் பக்கத்து வக்கீல் இன்னொரு தேதி கேட்டார். காகிதம் எதுவும் தாக்கல் ஆகவில்லை. அந்தத் தாள் கிழிபட்டதா, யார் வீட்டுப் பீரோவிலாவது கிடக்கிறதா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து கடிதம் வந்தது, கோடு போட்ட தாள்களை அப்படியே கொண்டு வரச் சொல்லி. நான் கொண்டு வர மாட்டேன், கை வைத்தவர்களைக் கேளுங்கள் என்று இருசப்பன் எழுதிப் போட்டார். தாள்கள் அவரவர் வீட்டில் இருக்கின்றன.

அந்தத் திங்கட்கிழமை நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து பேருந்து நிலையத்தில் டீ குடித்தோம். நைனார்பாளையம் வண்டி வந்து நின்றது. சின்னம்மா டம்ளரை வைத்துவிட்டு என் தோள்பையைப் பார்த்தார்.

"அதுல ஒண்ணு வெச்சிருக்கியே. அத எடு."

அவர் பார்த்திருக்கிறார். கோடில்லாமல் ஒரே ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விழாவிலேயே நான் ஒளித்துவைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். பேனா கேட்டார், அதையும் கொடுத்தேன். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். பதினேழாம் பக்கத்தைத் திறந்து, மூலையிலிருந்து மூலைக்கு இழுத்து, புத்தகத்தை மூடி என் கையில் வைத்தார்.

"நீ நல்லவதான் சால" என்றார். "இருந்தாலும் கோடு இருக்கட்டும்."